மருந்து தீர்ந்துபோன நாட்கள்

அனைவருக்கும் வணக்கம்.

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. நோய் போய்விட்டால் ‘தீர்ந்துவிட்டது’ என்கிறோம். மருந்து காலியானாலும் ‘தீர்ந்துவிட்டது’ என்றுதான் சொல்கிறோம். ஒன்று நல்ல செய்தி, மற்றது கெட்ட செய்தி. இரண்டுக்கும் ஒரே சொல். மருத்துவத்தின் கதையைப் பேச வேண்டும் என்று அழைத்தபோது இந்தச் சொல்தான் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மருத்துவன் அல்ல, இந்த வரலாற்றை விரும்பிப் படிக்கிறவன். படித்ததில் எனக்கு மறக்காமல் நிற்பவை பெரும்பாலும் யாரோ ஒருவரிடம் மருந்து தீர்ந்துபோன கதைகளே. அவற்றில் சிலவற்றை இன்று சொல்கிறேன்.

1537ஆம் ஆண்டு. இத்தாலியில் போர். பிரெஞ்சுப் படையோடு அம்ப்ரோஸ் பாரே என்ற இளைஞர் போயிருக்கிறார். முறையாக லத்தீன் படித்த மருத்துவர் இல்லை. முடி வெட்டவும் கட்டி அறுக்கவும் பழகிய நாவித மருத்துவர். துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் நஞ்சு இறங்கியிருக்கும், அதைக் கொதிக்கும் எண்ணெய் ஊற்றிச் சுட்டுத்தான் போக்க வேண்டும் என்பது அன்றைய பெரிய நூல்களின் கட்டளை. பாரேயும் அதைத்தான் செய்தார். அந்த எண்ணெயில் கொஞ்சம் ‘தெரியாக்’கும் கலப்பார்கள். இந்தத் தெரியாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விரியன் பாம்பின் இறைச்சி உட்பட 60க்கும் மேற்பட்ட சரக்குகள் சேர்த்துச் செய்த லேகியம் அது. விஷக்கடி முதல் கொள்ளைநோய் வரை எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலும் லண்டனின் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலில் அது இருந்தது. 60 சரக்கில் எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? யாரும் கேட்கவும் இல்லை.

சரி, பாரேயிடம் வருவோம். காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பென்டைன் மூன்றையும் குழைத்து மீதிப் பேருக்குத் தடவிவிட்டார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் எல்லாம் நஞ்சேறி இறந்து கிடப்பார்களே என்ற பயம். விடிவதற்கு முன்பே எழுந்து ஓடிப் பார்த்தார். களிம்பு தடவியவர்கள் அதிக வலியில்லாமல் தூங்கியிருந்தார்கள். காயத்தில் வீக்கம் இல்லை. முறைப்படி எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் துடித்துக்கொண்டிருந்தார்கள். இனி ஒருவரையும் இப்படிச் சுடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்ததாக அவரே பின்னால் எழுதிவைத்தார், அதையும் லத்தீனில் இல்லாமல் மக்கள் பேசும் பிரெஞ்சில்.

எண்ணெய் இன்னும் இரண்டு குடம் மிச்சம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லாருக்கும் ஊற்றியிருப்பார். பிழைத்தவர்களைக் காட்டி எண்ணெய் காப்பாற்றியது என்றிருப்பார். இறந்தவர்களைக் காட்டி நஞ்சு முற்றிவிட்டது என்றிருப்பார். ஒப்பிட்டுப் பார்க்க எண்ணெய் ஊற்றாத ஓர் ஆள்கூட இருந்திருக்க மாட்டார். பழைய வைத்தியர்கள் முட்டாள்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு மருந்து இருந்தது, அனுபவம் இருந்தது, பலருக்கு இரக்கமும் இருந்தது. மருந்து கொடுக்காமல் விட்ட நோயாளி மட்டும் இருக்கவில்லை.

இதற்கு நேரெதிரான ஒரு மருந்தைப் பாருங்கள். அது தீரவே தீராது. ஒரு சின்னக் கத்தி, ஒரு கிண்ணம் போதும். சரக்கு நோயாளியின் உடம்பிலேயே இருக்கிறது. ரத்தம் வடிப்பதைத்தான் சொல்கிறேன். உடம்பில் நான்கு நீர்மங்கள் உண்டு, அவற்றின் சமன் கெட்டால் நோய் என்று கிரேக்கர்கள் சொன்னார்கள். இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் அதை ஒரு பெரிய கட்டடமாகவே எழுப்பிவிட்டார். அதற்கப்புறம் காய்ச்சலா, ரத்தத்தை எடு; தலைவலியா, எடு; மூச்சு முட்டுகிறதா, இன்னும் கொஞ்சம் எடு. 1830களில் அட்டை விட்டு ரத்தம் உறிஞ்சும் மோகம் பிரான்சைப் பிடித்து ஆட்டியபோது, ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் அட்டைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள்.

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14ஆம் தேதி அதிகாலையில் தொண்டை அடைத்து எழுந்தார். மருத்துவர்கள் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பண்ணையின் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். அப்புறம் மூன்று மருத்துவர்கள் வந்தார்கள். மொத்தம் நான்கு முறை, சுமார் இரண்டே கால் லிட்டருக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மூவரில் இளையவரான எலிஷா டிக், ‘போதும், இனி எடுக்க வேண்டாம், தொண்டையில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யலாம்’ என்றார். பெரியவர்கள் கேட்கவில்லை. அன்று இரவே வாஷிங்டன் இறந்தார். ரத்தம் எடுத்ததாலா, தொண்டை அடைப்பாலா என்று இன்றும் பேசுகிறார்கள். அவருக்கு நடந்தது அன்றைக்கு மிக உயர்ந்த சிகிச்சை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் கடைசியில் உட்கார்ந்து எண்ணினார். எண்ணுவது என்றால் தமிழில் யோசிப்பதும்தான், கணக்கிடுவதும்தான். அவர் இரண்டையும் செய்தார். நுரையீரல் அழற்சி வந்த 77 பேரை எடுத்துக்கொண்டார். முதல் நான்கு நாட்களுக்குள் ரத்தம் எடுக்கப்பட்ட 41 பேரில் 18 பேர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எடுக்கப்பட்ட 36 பேரில் இறந்தவர்கள் 9 பேர். சீக்கிரம் எடுத்தால் உயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய அடி. ஆனால் கணக்கில் ஒரு வெற்றிடம் இருப்பதைக் கவனித்தீர்களா? ரத்தமே எடுக்காத நோயாளி அதில் இல்லை. சீக்கிரம் எடுத்தவர்கள், தாமதமாக எடுத்தவர்கள், அவ்வளவுதான். எடுக்காமலே விடலாம் என்பது அந்த மருத்துவமனையில் கற்பனைக்குக்கூட எட்டாத ஒன்றாக இருந்திருக்கிறது.

இப்போது கடலுக்குப் போகலாம். ஜேம்ஸ் லிண்டின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1747 மே மாதம், சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு அழுகிய 12 மாலுமிகள். இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான சிகிச்சை. புளிக்கவைத்த ஆப்பிள் சாறு, கந்தக அமிலம் கலந்த நீர், வினிகர், கடல்நீர், பூண்டும் கடுகும் சேர்த்த ஒரு பசை, கடைசி இருவருக்கு நாளுக்கு இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது! ஆனால் அந்த ஆறு நாளே போதுமானதாக இருந்தது. ஒருவர் வேலைக்குத் திரும்பினார், மற்றவர் மீதி நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

பலரும் இங்கே கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். லிண்ட் 1753இல் எழுதிய தடித்த புத்தகத்தில் இந்தச் சோதனை சில பத்திகளில் அடங்கிவிடுகிறது. தன் கண்ணால் பார்த்ததை அவரே முழுசாக நம்பவில்லை. ஸ்கர்விக்கு ஈரக்காற்று முதலிய பல காரணங்களை அடுக்கினார். பழம் கெட்டுப்போகாமல் இருக்கச் சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைக்கும் முறையையும் சொன்னார். வைட்டமின் சி சூட்டில் அழியும் என்று அன்று யாருக்குத் தெரியும்? பிரிட்டிஷ் கடற்படை எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவெடுத்தது 1795இல். இடையில் 48 ஆண்டுகள்.

இனி ஒரு பாய்ச்சல். மயக்க மருந்து வந்தது, அம்மை குத்தினார்கள், கிருமிகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூட்டம் போடலாம். நான் 1941 பிப்ரவரிக்குப் போகிறேன். ஆக்ஸ்போர்டு. பெனிசிலினை ஃபிளெமிங் 1928இல் பார்த்தார், ஆனால் அதை மருந்தாக்கியவர்கள் இங்கேதான் இருந்தார்கள்: ஃபுளோரி, செயின், பிறகு பலரும் பேர் சொல்லாமல் விடுகிற நார்மன் ஹீட்லி. போர்க்காலம் என்பதால் பாத்திரம் கிடைக்கவில்லை. மருத்துவமனையின் மலத்தட்டுகளில் ஹீட்லி பெனிசிலின் தரும் பூஞ்சையை வளர்த்தார்.

ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயதுக் காவலருக்கு முகமெல்லாம் சீழ் பிடித்திருந்தது, ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். அவருக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. கையிருப்போ கரைந்துகொண்டே வந்தது. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, சைக்கிளில் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், அதிலிருந்த பெனிசிலினைப் பிரித்து மறுபடியும் அவருக்கே ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் அதுவும் தீர்ந்தது. மார்ச் 15ஆம் தேதி அவர் இறந்துபோனார். தீர்ந்தது மருந்து, நோய் தீரவில்லை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடக் கொடூரமான சாட்சி வேறு இருக்க முடியாது. அதன் பிறகு அந்தக் குழு குழந்தைகளையே அதிகம் தேர்ந்தெடுத்தது. சின்ன உடம்புக்குக் கொஞ்சம் மருந்து போதுமே!

இப்போது நான் சொல்லவருகிற முக்கியமான இடம். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. போர் முடிந்த பிரிட்டனிடம் டாலர் இல்லை. வாங்க முடிந்ததோ கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். யாருக்குக் கொடுப்பது? மருத்துவரின் கையில் விட்டால் அவர் தனக்குப் பரிதாபமாகத் தோன்றியவருக்கோ, பிழைப்பார் என்று தோன்றியவருக்கோ கொடுப்பார். பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் ஒரு வழி சொன்னார். குலுக்கல்! சீட்டு மூடிய உறையில் இருக்கும், பிரித்த பிறகுதான் மருத்துவருக்கே தெரியும்.

நோயாளிக்கு மருந்தை மறுப்பது பாவம் இல்லையா என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் கொடுக்க மருந்து இருந்திருந்தால் பாவம்தான். இல்லாத இடத்தில் குலுக்கலைவிட நியாயமான பங்கீடு எது? பாரேயிடம் தற்செயலாக நடந்ததை ஹில் திட்டமிட்டுச் செய்தார். நடுவில் நானூறு ஆண்டுகள் கடந்திருந்தன. 107 நோயாளிகள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு எது யாருடையது என்று சொல்லவில்லை. ஒன்று எனக்கு உறுத்துகிறது. மருந்து கிடைக்காத அந்த 52 பேருக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

1948இல் முடிவுகள் வெளிவந்தன. கொண்டாட்டம்தான். ஆனால் எண்ணத் தொடங்கியவர்கள் நிறுத்தவில்லை. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் மருந்து பெற்றவர்களில் 32 பேர் இறந்திருந்தார்கள். பெறாதவர்களில் 35 பேர். பெரிய வித்தியாசம் ஒன்றும் மிஞ்சவில்லை. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டன. அதனால்தான் ஒரே மருந்தை நம்பாமல் இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. ஆறு மாதத்தோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தால் எத்தனை பேரை ஏமாற்றியிருப்போம்!

கடைசியாக ஒரு கதை. இது 1832இல் ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. காலரா. அப்போதும் ரத்தத்தைத்தான் எடுத்தார்கள், தண்ணீரெல்லாம் வெளியேறி ரத்தம் தார் மாதிரி கெட்டிப்பட்டுக் கிடக்கும்போது! தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் மாற்றி யோசித்தார். போன தண்ணீரையும் உப்பையும் ரத்தக் குழாய் வழியே திருப்பி ஏற்றினார். சாகக் கிடந்த ஒரு மூதாட்டி எழுந்து பேசினார். தேறிவிட்டார் என்று நினைத்து லாட்டா கிளம்பிவிட்டார். பேதி திரும்பியது, ஏற்றுவாரில்லை, சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார். அடுத்த ஆண்டு லாட்டாவும் காசநோயில் போய்ச் சேர்ந்தார். அந்த யோசனையை உலகம் பல பத்தாண்டுகளுக்கு மறந்துவிட்டது.

1971. வங்கதேச விடுதலைப் போர். எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்த லட்சக்கணக்கான அகதிகளிடையே காலரா. போங்காவ்ன் என்ற எல்லையோர ஊரின் மருத்துவமனைக்கு திலீப் மகாலனபீஸ் என்ற மருத்துவர் போகிறார். தரையெல்லாம் நோயாளிகள். வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் ஊசி ஏற்ற வேண்டும். சேலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன.

குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால்தான் தண்ணீர் நன்றாக உள்ளே இழுக்கப்படும் என்பது 1960களில் தெரிந்துவிட்டது. 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் வாய்வழிக் கரைசலைக் காலரா நோயாளிகளிடம் சோதித்துக் காட்டியிருந்தார்கள். ஆனால் பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் அது சரிப்படும் என்பது பலரின் எண்ணம். மகாலனபீஸுக்கு வேறு வழி இல்லை. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாதாரண உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டச் சொன்னார். குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்தார்கள். நோயாளியின் அம்மாவோ அண்ணனோ குவளையில் பிடித்து வாயில் ஊற்றினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, முகாமில் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

அதை நம்பவைக்க அவர் ஒரு சின்னத் தந்திரம் செய்யவேண்டியிருந்தது. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் என்றால் யார் மதிப்பார்கள்? பாட்டிலில் தொங்கவிட்டு ஊசி வழியாக ஏற்றுவதுதான் ஜனங்களுக்கு மருந்து. அதனால் பீப்பாயில் இருப்பதற்கு அவர் ‘வாய்வழி சேலைன்’ என்று பெயர் சொன்னார். சேலைன் என்றதும் குடித்தார்கள்.

நன்றி, வணக்கம்.