பூட்ஸைக் கழற்றாத மேலாளர்: ஜான் டோஷக்

அவையோருக்கு வணக்கம். களத்தில் கொடிகட்டிப் பறந்த ஆட்டக்காரர்கள் பலர், மேலாளர் பொறுப்பேற்றதும் திணறிப்போவதைக் கால்பந்து உலகம் பலமுறை கண்டிருக்கிறது. வேல்ஸ் நாட்டின் ஜான் டோஷக்கோ ஆடிக்கொண்டிருக்கும்போதே மேலாளரானவர்.

1949-இல் கார்டிஃபில் பிறந்த அவர், பதினாறாம் வயதில் சொந்த ஊர் அணிக்காகக் களமிறங்கினார். 1970-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியின் மேலாளர் பில் ஷாங்க்லி அவரைத் தம் அணிக்கு வாங்கினார். நெடிய டோஷக் தலையால் தட்டிவிடும் பந்தை, உயரம் குறைந்த கெவின் கீகன் பாய்ந்து வலைக்குள் செலுத்துவார். ஐரோப்பிய அணிகள் மோதும் யுவேஃபா கோப்பையின் 1973 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், தொடங்கி அரைமணி ஆவதற்குள் மழையால் கைவிடப்பட்டது. அந்தச் சிறு நேரத்திலேயே எதிரணியான ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் உயரப் பந்துகளுக்குத் தடுமாறுவதைக் கண்டுகொண்ட ஷாங்க்லி, முதல் நாள் வெளியே உட்கார வைத்திருந்த டோஷக்கை மறுநாள் மீண்டும் ஆடிய ஆட்டத்தில் இறக்கினார். லிவர்பூல் 3-0 என வென்றது. மேலாளரின் கண் எதைப் பார்க்க வேண்டும் என்ற பாடம் டோஷக்குக்கு அன்றே கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

1978 தொடக்கத்தில், 28 வயதில், இங்கிலாந்து லீக்கின் அடிமட்டமான நான்காம் டிவிஷனில் கிடந்த வேல்ஸ் அணி ஸ்வான்சீ சிட்டிக்கு அவர் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் சென்றார். 1978, 1979, 1981 என மூன்று முறை ஏற்றம் பெற்று அணி உச்சியிலிருந்த முதல் டிவிஷனை எட்டியது. அங்கே ஆடிய முதல் ஆட்டத்திலேயே லீட்ஸ் அணியை 5-1 என்று வீழ்த்தி, அந்தப் பருவத்தை ஆறாம் இடத்தில் முடித்தது. பின்னாளில் அவர் பெற்ற பட்டங்கள் அனைத்தையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். பணமும் பெயரும் உள்ள அணியை வெல்ல வைப்பது வேறு, இது வேறு.

1981 செப்டம்பர் இறுதியில் ஷாங்க்லி மறைந்தார். சில நாள்களில் ஸ்வான்சீ அணி லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் ஆட வேண்டியிருந்தது. மௌன அஞ்சலிக்காக அணிகள் நின்றபோது டோஷக் தம் மேலங்கியைக் கழற்றினார். உள்ளே இருந்தது லிவர்பூல் சட்டை. எதிரணியின் மேலாளர் அப்படிச் செய்யலாமா என்று கேட்போருக்கு என்னிடம் விடை இல்லை. குருவுக்குச் செய்யும் மரியாதை விதிகளைப் பார்ப்பதில்லை. ஆனால் உயரம் நிலைக்கவில்லை: 1983-இல் ஸ்வான்சீ கீழிறங்கியது, அடுத்த ஆண்டு அவரும் வெளியேறினார்.

லிஸ்பனில் ஓராண்டு இருந்துவிட்டு, வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதி வீரர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டிருந்த ரியல் சொசியெதாத் அணிக்கு வந்து, 1987-இல் ஸ்பெயினின் அரசர் கோப்பையை அட்லெட்டிகோ மாட்ரிட்டிடமிருந்து பெனால்டியில் வென்று கொடுத்தார். 1989-90-இல் அவருடைய ரியல் மாட்ரிட் 107 கோல்கள் அடித்து லீக் பட்டம் வென்றது. அவற்றில் 38 ஹூகோ சான்செஸ் அடித்தவை. அந்த அணியே 1990 நவம்பரில் அவரை நீக்கியது. அடுத்த ஆண்டே அவர் மீண்டும் சொசியெதாத்துக்குத் திரும்பினார்.

அவர் சொன்னதாக ஸ்பெயினில் இன்றும் வழங்கும் வேடிக்கை ஒன்று உண்டு: தோற்ற மறுநாள் திங்கட்கிழமை பத்துப் பேரை மாற்றிவிடத் தோன்றும்; நாளாக ஆக அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்; சனிக்கிழமை பட்டியல் எழுத உட்கார்ந்தால் அதே பதினொரு கிராதகர்கள்தாம்!