சிறுநீரக இயந்திரத்தில் ஒரு மூச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

மூச்சு என்றால் உள்ளே இழுப்பதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, வெளியே விடுவதுதான் கவலை. புண்பட்ட நுரையீரலுக்கு வெண்டிலேட்டரில் பெரிய மூச்சாகக் கொடுத்தால் அது இன்னும் கிழியும். சின்ன மூச்சாகக் கொடுத்தால் கரியமில வாயு தேங்கி ரத்தம் அமிலமாகும். சரி, அந்த வாயுவை மட்டும் உடம்புக்கு வெளியே வைத்து எடுத்துவிட்டால்?

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வாயுதான் நம் ரத்தத்திலும் கரைந்து கிடக்கிறது, பெரும்பாலும் பைகார்பனேட்டாக. ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை லிட்டர் வாயு. உடம்பு நிமிடத்துக்கு உண்டாக்குவதோ 200 மில்லிதான். ஆக்சிஜன் ஏற்ற நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர் ரத்தத்தை வெளியே ஓட்ட வேண்டும். கரியமில வாயுவில் நல்ல ஒரு பங்கை எடுக்க, டயாலிசிஸில் ஓடுகிற 400 மில்லியே போதும். மறுபடியும் சொல்கிறேன், டயாலிசிஸில் ஓடுகிற அளவே போதும்.

சிறுநீரகத்துக்கும் மூச்சுக்கும் உள்ள இந்த உறவு பழையது. 1943இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் செயற்கைச் சிறுநீரகம் செய்தார். போர்க்காலம், எதுவும் கிடைக்காது. தொத்திறைச்சி அடைக்கும் செலோபேன் உறையை மர உருளையில் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டு, உப்புநீர்த் தொட்டியில் உருட்டினார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லாரும் இறந்துபோனார்கள். மனிதர் விடவில்லை. 1945இல் 67 வயது அம்மா ஒருவர் பிழைத்து எழுந்தார். அந்த உருளையில் கோல்ஃப் இன்னொன்றையும் கவனித்தார்: கருத்துப் போன ரத்தம் சிவந்து திரும்பியது. சிறுநீரகத்துக்காகச் செய்த உறைக்குள் மூச்சு நடந்துகொண்டிருந்தது! எனக்கு இதைச் சொல்லச் சொல்ல அலுக்காது.

அப்புறம் 1977இல், அமெரிக்காவில் பெதஸ்டாவில், கொலோபோ, கத்தினோனி என்ற மருத்துவ ஆய்வாளர்கள் செம்மறியாடுகளின் ரத்தத்திலிருந்து கரியமில வாயுவை எடுத்தார்கள். எடுக்க எடுக்க ஆடுகளின் மூச்சு குறைந்தது. முழுவதும் எடுத்தபோது நின்றே போனது. மூச்சுவிட வேண்டிய தேவையே அவற்றுக்கு இல்லை.

இன்று டயாலிசிஸ் குழாயிலேயே செயற்கை நுரையீரலை இணைக்கலாம். கைக்கு அடக்கமான பெட்டி, உள்ளே மயிரிழை போன்ற குழல்கள். வாயு வெளியேறும் வாயில் நீர்த்துளி கோத்துச் சொட்டும். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பாவோட மூச்சா டாக்டர்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 412 பேரிடம் இந்தக் குறைந்த ஓட்ட முறையைச் சோதித்து 2021இல் முடிவு வெளியிட்டார்கள். இறப்பு குறையவில்லை, ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் மருந்தோடு மூளையில் ரத்தக்கசிவும் சிலருக்கு வந்தது. ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இதைச் சொன்னால், ரத்தக்கசிவு அபாயம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். வணக்கம்.