வெள்ளலூரில் கிடைத்த வெள்ளி எந்த மலையில் விளைந்தது?

வணக்கம். நொய்யல் ஓரம், கோயம்புத்தூரை ஒட்டியுள்ள வெள்ளலூரில் நின்று பேசுகிறேன். 1842இல் இந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான ரோமானிய வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. ஆனால் அந்த வெள்ளி இங்கு விளைந்ததன்று.

ரோமுக்கு வெள்ளியை வாரி வழங்கியது ஸ்பெயின். அங்குள்ள கார்த்தஹேனா சுரங்கங்களில் மட்டும் நாற்பதாயிரம் பேர் உழைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் குறித்திருக்கிறார். வெள்ளி தனித்துக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் ஈயத் தாதுவுக்குள் கலந்தே இருக்கும். தாதுவை உருக்கிக் கிடைக்கும் ஈயத்தை மீண்டும் காய்ச்சி, அதன்மேல் காற்றை விடாமல் ஊதினால், ஈயம் காற்றோடு சேர்ந்து துருவாகிப் பிரிந்துவிட, துருப்பிடிக்காத வெள்ளி மட்டும் அடியில் மணியாகத் திரண்டு நிற்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வித்தை கைவந்திருந்தது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இன்றும் இந்தியாவில் எடுக்கப்படும் வெள்ளியில் மிகப்பெரும் பங்கு ராஜஸ்தானின் ஈய, துத்தநாகச் சுரங்கங்களிலிருந்தே வருகிறது. சேலத்துப் பட்டறைகளில் கொலுசாகும் வெள்ளியும் வெளியிலிருந்து வருவதுதான்.

வெள்ளி உற்பத்தியில் இன்று முதலிடம் மெக்சிகோவுக்கு, பிளாட்டினத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு. தங்கத்துக்கு நமக்கு அருகிலிருந்த கோலார், மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை தோண்டப்பட்டு, 2001இல் மூடப்பட்டது.

சுரங்கம் இல்லாத ஊருக்கு இத்தனை வெள்ளி வந்தது எப்படி? மேற்குக் கடற்கரையில் கப்பலிலிருந்து இறங்கிய வணிகம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே கொங்கு நாட்டுக்குள் நுழைந்தது. அதற்கு ஈடாக நம்மிடம் கல் இருந்தது. காங்கேயத்தை அடுத்த படியூரில் கடல்நீர் நிறத்துப் பச்சைக்கல் கிடைத்தது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கற்களைப் பட்டை தீட்டி மணிகளாக்கிய பட்டறைகள் அகழாய்வில் வெளிப்பட்டுள்ளன. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்னும் ரோமானியக் காசு போய்ச் சேர்வதாக ரோமானியரான பிளினி வருந்தி எழுதினார்.

1545இல் கண்டறியப்பட்ட பொலிவியாவின் பொதோசி வெள்ளிமலை, பூர்வகுடி மக்களைக் கட்டாய உழைப்பில் வாட்டி வதைத்தது. அதனால், இங்கு அப்படியொரு மலை இல்லையே என்று நான் ஏங்கியதில்லை. கொடுமணலில் கல்லில் நூல் நுழையும் அளவுக்குத் துளையிட்ட கைகளே எனக்குப் பெருமை.

அடுத்த காணொளியைப் படியூரிலிருந்து பதிவு செய்கிறேன்.