ரத்தம் பிறக்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன்தொட்டிக் கடைகளில் உடம்பெங்கும் நீலக் கோடு ஓடும் ஒரு சின்ன மீனைப் பார்த்திருப்பீர்கள். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஜீப்ரா மீன் என்பார்கள். கங்கைச் சமவெளியின் ஓடைகளும் நெல்வயல்களும்தான் அதன் பூர்வீகம். அதன் கருவில் ரத்தம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்பது என் வேலை.

முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். கருத்தரித்த 24 மணி நேரத்தில் இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும். முதலில் வெறும் துடிப்புதான். நுண்ணோக்கியை விட்டு நகராமல் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தால், மஞ்சள் கருவின் மேல் ஒரு செல் உருண்டு வரும். பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசை வரிசையாக. எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் எனக்குக் காதில் விழாது.

தோலிலும் தசையிலும் ரத்தத்திலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். எந்தச் செல்லில் எது விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. எழுப்புவதும் உறங்க வைப்பதும் சில புரதங்களின் வேலை. அந்தப் புரதங்களுக்கும் தனித்தனி மரபணுக்கள் உண்டு.

1995இல் டிடியே ஸ்டெய்னியர் என்ற உயிரியலாளரும் உடன் பணியாற்றியவர்களும், மரபணு ஒன்று பழுதான ஒரு ஜீப்ரா மீன்வகையைப் பற்றி எழுதினார்கள். அதன் கருவில் இதயம் துடிக்கும். ஆனால் உள்ளே ஓட ரத்தம் இருக்காது. ரத்தக் குழாய்களின் உட்சுவரும் இருக்காது. இதயம் மணி வடிவில் வீங்கியிருந்ததால் 'குளோஷ்' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் மணி என்று பொருள். பழுதான மரபணு குரோமோசோமின் கடைக்கோடியில் ஒளிந்திருந்தது. அதைப் பிடிக்க 2016 வரை, 21 ஆண்டுகள் ஆயின. ரத்தத்துக்கான மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்பும் மூத்த மரபணு அது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

ரத்தமில்லாத எலிக்குஞ்சு தாய் வயிற்றிலேயே இறந்துவிடும். மீன் கருவோ தண்ணீரிலிருந்தே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். அந்தச் சில நாள்தான் எங்களுக்குக் கிடைத்த வரம்.

அடுத்தது, சிவப்பணுவா வெள்ளையணுவா என்ற கேள்வி. இங்கே இரண்டு மரபணுக்கள் மல்லுக்கட்டுகின்றன. கேட்டா1 சிவப்பணுவின் பக்கம், பியு1 வெள்ளையணுவின் பக்கம். ஒன்று மற்றதை அமுக்கும். 2005இல் மீன் கருவில் கேட்டா1-ஐத் தடுத்துப் பார்த்தார்கள். சிவப்பணு ஆகவேண்டிய செல்கள் செத்துப்போகவில்லை; வெள்ளையணுக்களின் வழியில் போய்விட்டன. பியு1-ஐத் தடுத்தபோது நேர் எதிர். விதி முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று நாம் நினைத்த செல், கடைசி வரை இரண்டு பக்கமும் சாயக்கூடியதாக இருந்திருக்கிறது.

இவையெல்லாம் கருவின் முதல் ரத்தம். ஆயுள் முழுக்க ரத்தம் தரும் மூலச் செல்கள் வேறிடத்தில் பிறக்கின்றன, பெருந்தமனியின் அடிச்சுவரில். 2010இல் அதை உயிருள்ள கருவிலேயே படம்பிடித்தார்கள். சுவரில் படிந்திருந்த ஒரு செல் மெல்ல வளைகிறது. பக்கத்துச் செல்களின் பிடியை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொள்கிறது. கழன்று மிதந்து போகிறது. அதற்கு ரன்எக்ஸ்1 என்ற மரபணு வேலை செய்தாக வேண்டும். அதைத் தடுத்த கருக்களில் செல் எழ முயல்கிறது, பாதியில் வெடித்துச் சிதறிவிடுகிறது. மனிதர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் சிலவற்றில் உடைந்து கிடப்பதும் இதே ரன்எக்ஸ்1தான்.

நன்றி, வணக்கம்.