சிவப்புப் பாசி திரும்பத் திரும்ப வருகிறதா? என் தொட்டியில் நடந்ததைக் காட்டுகிறேன்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நேராகத் தொட்டிக்குள்ளேயே போய்விடலாம். இடது மூலையில், பெரிய பாறைக்குப் பின்னால் பாருங்கள். மணல்மேல் கருஞ்சிவப்பாக ஒரு படலம் தெரிகிறதா? சிங்கப்பூர் ஒரு டாலர் காசு அளவுதான் இருக்கும். அதன்மேல் ஊசிமுனை போலக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்த மணல் முழுக்க இப்படித்தான் இருந்தது. பாறைமேல் ஏறி, ஸோவா பவளங்களின் கழுத்துவரை வந்துவிட்டது. காலையில் உறிஞ்சி எடுத்தால் மறுநாள் மாலைக்குள் பழையபடி விரிந்துவிடும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இது சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் இருக்கும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. மூன்று ஆண்டுகளாக ஓடுகிறது. பெரும்பாலும் மென்பவளங்கள்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ரெட் ஸ்லைம் என்று நாம் சொல்லும் இது பாசியே இல்லை, பாக்டீரியா. சயனோபாக்டீரியா. பள்ளிக்கூடத்தில் நீலப்பச்சைப் பாசி என்று படித்தோமே, அதே கூட்டம். ஃபைக்கோஎரித்ரின் என்கிற நிறமி அதிகமாக இருப்பதால் சிவப்பாகத் தெரிகிறது. சத்துமாத்திரையாக விற்கிறார்களே சுருள்பாசி, அதுவும் இந்தக் குடும்பம்தான். நெல்வயலில் அசோலா விடுவார்கள் இல்லையா? அசோலாவின் இலைக்குள் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கித் தருவதும் ஒரு சயனோபாக்டீரியாதான். இந்த அசோலா விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் தொட்டியில் நடந்த தவறு அதில்தான் அடங்கியிருக்கிறது.

அதற்கு முன்னால், உங்கள் தொட்டியில் இருப்பது சயனோதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டைனோ என்கிற டைனோஃபிளாஜெல்லேட்டும் கொழகொழவென்றுதான் இருக்கும், ஆனால் பழுப்பு நிறம். சளி மாதிரி நூல்நூலாகத் தொங்கும். சயனோ அப்படி இல்லை. பாலாடை போல ஒரே ஏடாக உரிந்து வரும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். காப்பி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடியும் திரண்டு நூல் கட்டினால் பெரும்பாலும் டைனோ. தண்ணீர் தெளிவாகவே இருந்தால் சயனோ. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, அதனால் இந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

சரி, என் தவறுக்கு வருகிறேன். நைட்ரேட் குறைந்தால் பாசி வராது என்று நம்பி, தினமும் வினிகர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வினிகர் பாக்டீரியாவுக்கு உணவு. அது பெருகும்போது தண்ணீரிலுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டையும் ஒரே அளவில் இழுக்காது. நைட்ரஜன் பல மடங்கு அதிகமாகச் செலவாகும். அதனால் நைட்ரேட் முதலில் தீர்ந்துபோகும், பாஸ்பேட் மிஞ்சி நிற்கும். என் சோதனைக் குழாயில் நைட்ரேட்டுக்கு நிறமே ஏறவில்லை, சுத்தமாகப் பூஜ்யம். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! அதே நாளில் பாஸ்பேட் 0.21 பிபிஎம் இருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அசோலாவை நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் நைட்ரேட் இல்லையென்றால் மற்ற பாசிகள் பட்டினி கிடக்கும். சயனோவில் சில வகைகளுக்குக் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவே போதும், பாஸ்பேட் மட்டும் கிடைத்தால் சரி. போட்டிக்கு இருந்த எல்லோரையும் நானே விரட்டிவிட்டு இதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். போதாததற்கு, ஊற்றிய வினிகரும் படலத்துக்குத் தீனியாகியிருக்கும்.

இதெல்லாம் புரிவதற்கு முன்னால் மருந்து போட்டேன். எரித்ரோமைசின். அது நுண்ணுயிர்க்கொல்லி, படலம் இரண்டே நாளில் வெளிறி உதிர்ந்துவிட்டது. ஆனால் அவ்வளவும் செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துவிடும். மருந்து போட்டால், அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் நுரைத்து வழியும் என்பதால் அதையும் நிறுத்தி வைத்திருந்தேன். காற்றுக்கல் போடவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பார்த்தால் எல்லா மீனும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. உடனே நீரோட்டம் உண்டாக்கும் பம்பான பவர்ஹெட்டை மேலே திருப்பி, காற்றுப் பம்பைப் போட்டேன். மற்றவை பிழைத்தன. பங்காய் கார்டினல் மட்டும் பிழைக்கவில்லை. தொட்டி தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருந்த மீன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனது கனக்கிறது. அந்த மீனை இழந்தும், மூன்றே வாரத்தில் சிவப்பு திரும்பி வந்துவிட்டது. காரணம் அப்படியே இருந்தது இல்லையா?

மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. வேறு எதுவும் பலிக்காதபோது போடலாம். ஆனால் முதலில் கையால் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிடுங்கள், காற்றுக்கல்லை இரவு பகலாக ஓட விடுங்கள், வடிகட்டியிலுள்ள கார்பன் கரியை வெளியே எடுத்துவிடுங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

அப்புறம் என்ன செய்தேன்? வினிகரை நிறுத்தினேன். சம்பில், அதாவது தொட்டியோடு இணைந்த வடிகட்டுத் தொட்டியில், நைட்ரேட்டை உறிஞ்சி வளரும் கீட்டோ பாசிக்கான விளக்கைப் பாதி நேரமாகக் குறைத்தேன். மூன்று வாரத்தில் நைட்ரேட் 5 பிபிஎம்முக்கு வந்தது. பாஸ்பேட்டை உறிஞ்ச ஃபெரிக் ஆக்சைடு குருணையைச் சின்னப் பையில் கட்டி சம்பில் போட்டேன், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாக இறக்கினால் பவளங்கள் வாடிவிடும், டைனோவும் வரலாம். பாறை உறிஞ்சி வைத்திருந்த பாஸ்பேட்டும் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும், பொறுமை வேண்டும். இப்போது 0.07.

உறைந்த மைசிஸ் இறாலை முன்பெல்லாம் கட்டியோடு போடுவேன். இப்போது டீ வடிகட்டியில் வைத்துக் கரைய விட்டு, அலசித்தான் போடுகிறேன். தொட்டிக்கு ஊற்றும் ஆர்ஓ டிஐ சுத்திகரிப்புத் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவைப் பார்த்தேன், 6 காட்டியது. பூஜ்யம் இருக்கவேண்டும். சுத்திகரிப்பானின் ரெசினை மாற்றினேன். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கும், கார்பன் ஃபில்டரையும் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் நீரோட்டத்தில்தான் வந்தது. இதைச் செய்து காட்டுகிறேன். ஸ்கிம்மர் நின்றிருக்கிறது, உணவுக்காகப் பவர்ஹெட்டுகள் இரண்டும் பாதி வேகத்தில் ஓடுகின்றன. மைசிஸ் கரைந்த தண்ணீரை இந்தப் பீச்சாங்குழலில் எடுத்து, பாறைக்குப் பின்னால் மெதுவாக விடுகிறேன். பாருங்கள், வலப்பக்கம் விட்டதும் கலைந்து ஓடிவிட்டது. இந்த மூலையில் விட்டால்? அப்படியே புகை மாதிரி நிற்கிறது. எண்ணிப் பார்ப்போம். ஏழு, எட்டு, ஒன்பது விநாடி ஆயிற்று, இன்னும் நகரவில்லை. அழுக்கு படிவதும் இங்கேதான், சிவப்பு முளைப்பதும் இங்கேதான். மற்ற மூலைகளை இப்படிச் சோதித்துத்தான் பாறைகளைக் கண்ணாடியிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தேன். இந்த ஒரு மூலை மட்டும் இன்னும் பாக்கி. நாளைக்கு இந்தப் பக்கப் பவர்ஹெட்டைக் கொஞ்சம் கீழே இறக்கப் போகிறேன்.

இப்போது மிச்சமிருக்கும் படலத்தை எடுத்துவிடலாம். மாலையில், விளக்கு அணைவதற்கு முன்னால் எடுப்பதுதான் நல்லது. இரவில் இது சுருங்கிவிடும், காலையில் போய்விட்டது என்று ஏமாந்துவிடுவோம். காற்றுப் பம்பு டியூபை ஒரு சாத்தே குச்சியில் கட்டியிருக்கிறேன். டியூபின் மறுமுனை சம்பில், வடிகட்டும் சாக்குக்குள் இருக்கிறது. அழுக்கு சாக்கில் நின்றுவிடும், உப்புத் தண்ணீர் வீணாகாது. சாக்கை மட்டும் உடனே கழற்றிக் கழுவிவிட வேண்டும்.

ஓரத்திலிருந்து தொடங்குகிறேன். நடுவில் குத்தினால் பிய்ந்து தொட்டி முழுக்கப் பறக்கும். ஓரம் தூக்கிக்கொள்கிறது பாருங்கள்... மெதுவாக... வந்துவிட்டது, முழு ஏடாக. அடியில் மணல் வெள்ளையாகத் தெரிகிறது. நத்தை ஒன்று இப்போதே அந்தப் பக்கம் கிளம்பிவிட்டது. சாக்கைக் கழுவப் போகிறேன், அடுத்த வாரம் இதே மூலையில் பார்ப்போம்.