இருட்டுக்குள் திரும்பிப் போனவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நேச நாட்டுப் படையோடு போகும் ராணுவ ஆலோசகருக்குப் பெருமை மதியாலா, துணிவாலா என்பது இன்றைய கேள்வி. மதியே என்று பேசிய எதிரணி நண்பர், "ஆலோசகர் விழுந்துவிட்டால் வானொலியில் விமானத்தைக் கூப்பிட ஆள் ஏது? தன்னைக் காத்துக்கொள்வதே அவர் கடமை" என்றார். சரி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படை சிதறி ஓடும் இரவில், ஓடமுடியாமல் கிடப்பவனுக்கு அந்த மதி என்ன செய்யும்?

ஆஸ்திரேலியா 1962இல் தென் வியட்நாமுக்கு ஒரு பயிற்சிக் குழுவை அனுப்பியது. முதலில் போனவர்கள் சுமார் 30 பேர். பயிற்சி கொடுங்கள், சண்டைக்குப் போகாதீர்கள் என்பது அன்றைய கட்டளை. 1964இல் அந்தத் தடை நீங்கியது. நீங்கத்தான் வேண்டும் ஐயா! முகாம் வாசலோடு நின்றுகொள்பவர் சொல்லும் பாடத்தை, களத்துக்குப் போகிறவன் எப்படி நம்புவான்? பின்னாளில் அந்தக் குழுவில் நால்வர், வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கமாகிய விக்டோரியா சிலுவை பெற்றார்கள். இருவருக்கு அது இறந்தபின் கிடைத்தது.

உயிரோடு பெற்றவர்களில் ஒருவர் கீத் பெய்ன். 1969 மே 24, கோன்டம் மாகாணம், பென் ஹெட் பகுதி. அவரிடம் இருந்தவர்கள் மலைநாட்டுப் பழங்குடி வீரர்கள். வட வியட்நாம் படை மூன்று பக்கமும் சூழ்ந்து ராக்கெட்டும் மோர்ட்டார் குண்டும் பொழிந்தது. வீரர்கள் பின்வாங்கத் தொடங்கினார்கள். பெய்ன் ஒவ்வோர் இடமாக ஓடிக் கையெறி குண்டுகளைப் பொறுக்கி வீசினார். கையெல்லாம் காயம். பட்டாலியன் தலைவரும் மற்ற ஆலோசகர்கள் சிலரும் விலகியபோது, அவர்களுக்குக் காவலாக நின்று சுட்டார். அப்புறம் வெட்டவெளியில் ஓடி, கலைந்து போனவர்களை மறித்து நிறுத்தி, இருட்டுவதற்குள் ஒரு காவல் வளையம் அமைத்துவிட்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள், நடுவர் அவர்களே. எதிரணி கேட்கும் மதியின் வேலை இத்தோடு முடிந்துவிட்டது. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர் தனியாக இருட்டுக்குள் போனார். எதிரி பிடித்துவிட்ட பழைய இடத்துக்கே ஊர்ந்து போய், காயம்பட்டுக் கிடந்தவர்களை மீட்டார். எதிரிகள் நடமாடிச் சுட்டுக்கொண்டிருந்த காட்டில் சுமார் மூன்று மணி நேரம் தேடினார். 40 பேரைச் சேர்த்தார். அவர்கள் அவர் நாட்டார் அல்லர், அவர் மொழி பேசுபவர்களும் அல்லர். தன் பொறுப்பில் வந்தவர்கள், அவ்வளவுதான். அந்த உறவு போதுமானதாக இருந்தது அவருக்கு.

அவர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பினால், வளையம் காலி! மீதிப் பட்டாலியன் பின்னால் போய்விட்டிருந்தது. என் மனம் பதறுவது இந்த இடத்தில்தான். மூன்று மணி நேரம் சாவுக்குள் தவழ்ந்து வந்தவருக்கு அங்கே ஓர் ஆள்கூட இல்லை. பெய்ன் மறுபடி நடந்தார். படுகாயமடைந்த ஓர் அமெரிக்க ஆலோசகரைத் தானே தாங்கிக்கொண்டு, எதிரிகளின் நடுவே அத்தனை பேரையும் தளத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.