முகத்துக்கு முன்னால் உட்காருங்கள்

பெரியவர்களே, பிள்ளைகளே, வணக்கம். சாலைக் கடைத்தெரு, கரமனை, பாறசாலை என்று பல பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழகுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு இந்தத் திருவனந்தபுரத்தை விட்டால் வேறு எந்த ஊர் பொருத்தம்?

ரவிவர்மா கிளிமானூரிலிருந்து இங்கே அரண்மனைக்கு வந்தபோது சின்னப் பையன். எண்ணெய் வண்ணம் தெரிந்த அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக வந்து காட்டிக்கொடுத்தார் என்று வரலாற்றில் படிக்கிறோம். இந்த ஆறுமுகம் பிள்ளையை நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்பது எனக்குப் பெரிய வருத்தம். அப்புறம் 1868-இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை, தான் வரையும்போது பார்க்க விட்டார், அவ்வளவுதான். ஆனால் பார்த்தவருக்கு 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இன்று பெரும்பாலோர் கைபேசிப் படத்தை வைத்துக்கொண்டுதான் வரைகிறார்கள். அதில் நிழல் வெறும் கறுப்பாக வந்துவிடுகிறது. நேரில் அந்த நிழலுக்குள்ளேயே எத்தனை நிறம்! வீட்டில் பாட்டியை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். மற்ற ஜன்னல்களைச் சாத்துங்கள், டியூப்லைட்டை அணையுங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தால் மூக்குக்கு இரண்டு நிழல் விழும், முகத்தின் திரட்சி போய்விடும்.

தோல் நிறம் என்று டியூபில் விற்பதைத் தொடவே வேண்டாம். அது நம் பாட்டியின் நிறமே இல்லை. யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, வெள்ளை, நிழலுக்குப் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு, துளி அல்ட்ராமரீன் நீலம். தொடக்கத்துக்கு இது போதும். கறுத்த நெற்றியில் பளபளக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். வெள்ளை என்று நினைத்த இடத்தில் லேசாக நீலம் ஓடும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வானம்தான் அங்கே தெரிகிறது. அதை வைத்த பிறகுதான் நெற்றி உருண்டு எழும்.

மழைக்காலத்தில் வண்ணம் காயவே மாட்டேன் என்கிறது என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். வண்ணத்தைக் குழைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாவதில்லை, காற்றோடு சேர்ந்துதான் இறுகுகிறது. ஈரக்காற்றில் அது இன்னும் தாமதமாகும். முதல் பூச்சை, வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் கலந்த அம்பரில் மெல்லிசாக வையுங்கள், அம்பர் சீக்கிரம் காயும். மேலே போகப் போக எண்ணெயைக் கூட்டுங்கள். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் இறுகி, நாளாவட்டத்தில் வெடித்துவிடும். மற்றபடி இந்தத் தாமதம் நமக்கு ஒரு வரம். நேற்று வைத்த கன்னத்தின் ஓரத்தை இன்றும் இழைக்கலாம்.

அவ்வப்போது படத்தைக் கண்ணாடியில் பாருங்கள். கோணிய கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சரி, கோணியிருந்தால் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி வையுங்கள். பாட்டி நாளைக்கும் உட்காருவாள்.